மீன் எழும்பிட்டுது: முப்பது நாள் கடல் அட்டையில் வரும் கோளாறுகளும் கைமருந்தும்

முதல் நாள் செய்த சூரை மீன், அடுத்த நாள் காலையில் தலையும் வாலும் மேலே, வயிறு கீழே என்று வள்ளம் போல வளைந்து கிடந்தது. தங்கச்சியின் மகள்தான் முதலில் கண்டாள். "பெரியம்மா, மீன் எழும்பிட்டுது!" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தத் தாள் வளைந்தாலும் "எழும்பிட்டுது" என்றுதான் பேச்சு.

நாங்கள் எடுத்த சவால் சின்னதுதான். முப்பது நாள், ஒரே கரு, அது கடல். நாளுக்கு ஒரு அட்டை. ஏ4 தாளை நாலாக வெட்டினால் வருகிற அளவு, அதாவது 105 மில்லிமீற்றருக்கு 148. வெட்டலாம், சுருட்டலாம், மடிக்கலாம், அடுக்கி ஒட்டலாம். தூரிகையும் வர்ணமும் மட்டும் கூடாது. அரை மணிக்கு மேல் உட்காரவும் கூடாது. ஒருமுறை கார்த்திகை மாரியில் செய்தோம். அடுத்த முறை வறண்ட கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் செய்தோம். இரண்டு தடவையும் பிழையாய்ப் போனது, ஆனால் வெவ்வேறு விதமாகப் பிழைத்தது. அப்போதுதான் புரிந்தது, திருகோணமலையில் தாள் வேலை பிழைத்தால் கையை நொந்துகொள்ள முதல் காற்றின் ஈரத்தையும் தாளின் நாரையும் பார்க்க வேண்டும் என்று. உங்கள் அட்டையில் என்ன கோளாறு என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேரே போங்கள்.

ஒட்டியது காய்ந்ததும் அட்டை வளைகிறது

எந்தப் பக்கம் வளைகிறது என்று முதலில் கவனியுங்கள். கம் பூசிய உடனே பூசாத பக்கமாகச் சுருண்டு, காய்ந்த பிறகு பூசிய பக்கமாக உள்வாங்கி நின்றால், காரணம் கம்மில் இருக்கிற தண்ணீர். தண்ணீர் தாளின் நாரை ஊறவைத்து ஒரு பக்கத்தை மட்டும் விரிக்கிறது. காயும்போது அதே பக்கம் சுருங்கி முழு அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது.

போத்தலிலிருந்து நேரே பிதுக்குவதை நிறுத்தினாலே பாதிக் கோளாறு தீரும். ஒரு மூடியில் கொஞ்சம் கம் ஊற்றி, ஈர்க்குத் துண்டால் தொட்டு, ஒட்டுகிற உருவின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக வையுங்கள். நடுவில் ஒரு புள்ளி போதும். அடி அட்டைக்கு 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் கிராம் எடை) போட்டோகொப்பித் தாள் சரிவராது. குறைந்தது 160 ஜிஎஸ்எம் வேண்டும்; கடையில் பிரிஸ்டல் போர்ட் என்று கேட்டால் தருவார்கள்.

அப்படியும் வளைந்தால் நார்ப்போக்கைப் பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பன்னிரண்டு அட்டைகளைக் குப்பையில் போட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். தாள் மெஷினில் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓடுகிற திசையிலேயே படுத்துவிடும். நாருக்கு ஈரம் பட்டால் அது பருக்கும், நீளமாட்டாது. அதனால் தாள் ஒரு திசையில் நன்றாக விரியும், மற்றத் திசையில் விரிந்ததே தெரியாது.

கண்டுபிடிக்கிற வழி இது. தாளின் ஒரு மூலையிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் சதுரம் வெட்டுங்கள். வெட்ட முதல், பெரிய தாளின் நீளப் பக்கம் எது என்று அதில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்துச் சதுரத்தின் ஒரு முகத்தில் மட்டும் தடவுங்கள். சில நொடியில் அது குழாயாகச் சுருளும். அந்தக் குழாய் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ, அதுதான் நார் போகிற திசை. பென்சில் கோட்டோடு ஒப்பிட்டால் முழுத் தாளுக்கும் விடை கிடைத்துவிடும். தங்கச்சியின் மகளுக்கு மீன் செய்வதைவிட இது பெரிய விளையாட்டாகி, என் தாளில் கால்வாசி சதுரமாகப் போய்விட்டது.

நான் விட்ட பிழை என்ன தெரியுமா? தாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய பிரிஸ்டல் போர்ட்டில் சில அட்டைகளை நீளவாட்டிலும், மிஞ்சிய இடத்தில் சிலவற்றைக் குறுக்குவாட்டிலும் வெட்டினேன். ஒரே கம், ஒரே நாள், ஒரே மேசை. பாதி ஒரு பக்கம் வளைந்தது, பாதி இன்னொரு பக்கம். எல்லா அட்டையையும் ஒரே வாட்டில் வெட்டுங்கள். மேலே ஒட்டுகிற பெரிய துண்டுகளின் நாரும் அடி அட்டையின் நாரோடு ஒரே பக்கம் போகட்டும். கடல் தளம், வானம் மாதிரி அட்டையை முழுக்க மூடுகிற துண்டுகளுக்கு இது கட்டாயம். சின்ன மீனுக்கும் சிப்பிக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே வளைந்ததை மீட்க, அட்டையின் பின்பக்கத்தை ஈரத் துணியால் ஒரு தடவை ஒற்றி, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஐந்து கிலோ அரிசிப் பையை ஓர் இரவு வையுங்கள். புத்தக அடுக்கைவிட அரிசிப் பை நல்லது, மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி அமரும். கம் இன்னும் காயாமலிருந்தால் தாளுக்குப் பதில் பொலித்தீன் வையுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் அட்டையும் தாளும் ஒன்றாகிவிடும். புடைப்பாகச் செய்த வேலையை அழுத்த முடியாது. அதற்கு அட்டையின் முதுகில் முன்பக்கத்தில் உள்ள அதே தாளை, அதே நார்ப்போக்கில், அதே கம்மால் ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இழுத்தால் அட்டை நேரே நிற்கும்.

கச்சான் காலத்தில் கதை வேறு. ஒட்டாத தாளே மேசையில் கிடந்தபடி ஓரம் தூக்கும். மேல் முகம் காற்றுப் பட்டுக் காய்கிறது, கீழ் முகம் காயவில்லை, அவ்வளவுதான். திருப்பிப் போடுங்கள், சரியாகிவிடும். (கச்சான் என்றதும் நிலக்கடலை நினைவுக்கு வந்தால் அது உங்கள் பிழை இல்லை. கடற்கரையில் காற்றும் கச்சான், கையில் உள்ள சுருளும் கச்சான்.)

மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறது

இதுவும் நாரின் வேலைதான். நாரோடு சேர்த்து மடித்தால் மடிப்புச் சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார் முறிந்து மேல் நிறம் வெடிக்கும். ஒரு முகத்தில் மட்டும் நிறம் பூசிய தாளாக இருந்தால் உள்ளே இருக்கும் வெள்ளை பல்லைக் காட்டும். படகின் பாயை விசிறி மடிப்பாகச் செய்கிறீர்கள் என்றால் நாரைத் திருப்பி வெட்டிக்கொள்ளுங்கள். திருப்ப முடியாத இடத்தில், மை முடிந்த போல்பொயின்ற் பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். அழுந்திய பள்ளம் வெளிப்பக்கம், புடைத்த மேடு உள்பக்கம் வர வேண்டும். பலர் நேர்மாறாக மடித்துவிட்டுத் தாளைத் திட்டுகிறார்கள்.

வெட்டிய ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறது

மாரியில் என்றால் தாள் ஈரம் பிடித்திருக்கிறது. ஈரத் தாளை அலகு வெட்டாது, இழுக்கும். வெட்ட முதல் தாளை இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, நீராவி இல்லாமல், இளஞ்சூட்டில் அயன் பண்ணுங்கள். கம் ஒட்டிய அட்டைக்கு இந்த வைத்தியம் வேண்டாம். வெள்ளைக் கம் சூட்டில் இளகும். அயன் பண்ணிய தாளைத் திறந்து போட்டுவிடாமல் மூடி இறுக்கமான பிஸ்கட் தகரப் பெட்டியில் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நாங்கள் எறிவதில்லை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

தாள் காய்ந்திருந்தும் பிசிறினால் அலகு மழுங்கியிருக்கிறது. உடைத்து உடைத்துப் பாவிக்கிற கட்டர் என்றால் ஒரு துண்டை உடைத்துவிடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். கண்ணாடியின் மேல் வைத்து வெட்டினால் அலகின் முனை சீக்கிரம் போய்விடும். பழைய கலண்டர் மட்டை நல்லது. வளைவான இடத்தில் கட்டரைத் திருப்பாமல் தாளைத் திருப்புங்கள். உள்ளே இருக்கிற சின்ன வெட்டுகள் முதலில், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டை முதலில் வெட்டினால் பிடிக்க இடமில்லாமல் உரு கைக்குள் துள்ளும், அங்கேதான் கிழியும். பிள்ளைகள் வெட்டும்போது பக்கத்தில் இருங்கள்.

மீனின் கண் கழன்று விழுந்துவிட்டது

ஒற்றைத் தாளில் வெட்டி எடுக்கிற வேலையில் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுவார்கள். கறுப்புத் தாளில் மீனை வரைந்து, கண்ணுக்கு ஒரு வட்டம், அதற்குள் கருமணிக்கு இன்னொரு வட்டம் போட்டு, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை வெட்டி எடுப்போம். கருமணி எதில் நிற்கும்? சுற்றிவர வெட்டுப்பட்டுத் தீவாகிவிட்டது, விழத்தான் செய்யும். 2009 இல் பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்குப் பாதையில் (ஆளும் வாகனமும் ஏற்றுகிற மிதவையில்) ஏறிக் கடந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பாலம் இல்லாத இடத்துக்குத் தாளும் போகாது.

அதனால் வரையும்போதே பாலம் போடுங்கள். கருமணிக்கும் கண் ஓரத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மில்லிமீற்றர் அகலத்தில் ஓர் இணைப்பு விடுங்கள். அது மேல் இமை போல வந்தால் மீனுக்கு முகபாவமும் வந்துவிடும். வெட்டப் போகிற இடங்களையெல்லாம் பென்சிலால் நிழல் அடித்துப் பாருங்கள். நிழல் அடிக்காத பகுதி எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கிறதா? ஒரு துண்டு தனித்து நின்றால் அங்கே பாலம் தேவை.

நீலத் திமிங்கிலத்தில் நான் மாட்டியது வேறு விதமாக. திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள், நாமும் ஒன்று வெட்டுவோமே என்று உட்கார்ந்தேன். தாடையிலிருந்து வயிறு வரை ஓடும் வரிகள்தான் அதன் அழகு. நீள நீளமாக ஒன்பது கீறல் வெட்டினேன். எட்டாவது கீறல் கை தவறித் தாடை ஓரத்தைத் தாண்டிவிட்டது. ஒரு கீறல்தானே என்று தூக்கினேன். தாடை முழுக்கச் சீப்புப் பல் போலப் பிரிந்து தொங்கியது. இப்போது ஒரு விரல் அகலம் முன்னமே நிறுத்துகிறேன். ஒன்றுவிட்டு ஒன்று நீளம் குறைத்து வெட்டுகிறேன், அப்போது எல்லாக் கீறலும் ஒரே இடத்தில் முடியாது. தாள் பலமாக நிற்கும், பார்வைக்கும் உண்மையான வரி போலத் தெரியும்.

புள்ளிமான் வேண்டும் என்று எங்கள் சின்னவள், அதுதான் தங்கச்சியின் மகள், அடம்பிடித்தாள். கோட்டைக்குள் திரிகிற மான்களைத் தினமும் பார்க்கிற பிள்ளை, கோட்டையோ கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஆகவே மானும் கடலில் சேர்த்தி என்பது அவள் வாதம். சரி என்று விட்டேன். புள்ளி வேலைக்கு அது நல்ல பயிற்சி. புள்ளிகளை ஓட்டையாக வெட்டிவிட்டுப் பின்னால் வெள்ளைத் தாள் வையுங்கள். புள்ளியை ஒவ்வொன்றாக ஒட்டப் போனால் அரை மணி போதாது.

சிவப்பு நீலத்துக்குள் ஓடிவிட்டது

மெல்லிய டிஷ்யூ தாளிலும் சுருக்கம் வைத்த கிரேப் தாளிலும் உள்ள சாயம் தண்ணீர் பட்டால் பெரும்பாலும் கரையும். வெள்ளைக் கம்மில் தண்ணீர் இருப்பதால் சாயம் பக்கத்துத் தாளுக்கு நடக்கும். இந்த வகைத் தாளுக்குக் குளூ ஸ்டிக்கைப் பாவியுங்கள். வாங்கிய உடனே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள், எந்த நிறம் ஓடும் என்று முதலே தெரிந்துவிடும். ஓடுகிற நீலத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். நனைத்து அடி அட்டையில் ஒற்றி எடுத்தால் அலையின் தளம் தானாக வரும், வர்ணம் தொடக்கூடாது என்ற விதியும் மீறப்படாது. சின்னவளுக்கு இன்னும் அதில் சந்தேகம்தான்.

சுருட்டிய சுருள் அவிழ்கிறது

சுருட்டுகிற தாள் நாடாவின் நுனியைக் கத்தரிக்காமல் கிழியுங்கள். கிழித்த நுனி மெலிந்திருப்பதால் படிந்து ஒட்டும், மேடு தெரியாது. ஒட்டியபின் பத்து எண்ணும் வரை விரலை எடுக்காதீர்கள், மாரியில் முப்பது. ஈரக் காற்றில் தாள் தளர்ந்து, சுருளின் பிடி விட்டுவிடும். நாடாவை நார்ப்போக்கிலேயே நீளமாக வெட்டினால் சுருட்டும்போது விறைப்புக் காட்டும், குறுக்கே வெட்டினால் இலகுவாகச் சுருளும். இறுக்கமான வட்டம் வேண்டுமா, தளர்ந்த அலை வேண்டுமா என்பதைப் பொறுத்துத் தீர்மானியுங்கள்.

ஏழாம் நாளே கடல் வற்றிவிட்டது

தாள் கோளாறைவிட அதிகம் பேர் விட்டுப் போவது இங்கேதான். மீன் முடிந்தது, படகு முடிந்தது, அலை முடிந்தது, ஆமை முடிந்தது. இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறதே!

காரணம், கருவை அதன் பெரிய பெயராலேயே நினைப்பது. "மீன்" என்று எழுதினால் ஒரு நாள். சூரை, திருக்கை, நெத்தலி, கணவாய் என்று எழுதினால் நாலு நாள். சந்தையில் மீன்காரர் கூப்பிடுகிற பெயரைப் போடுங்கள், பட்டியல் தானாக நீளும். அதேபோல "கடற்கரை" என்று எழுதாமல் கரைவலை இழுக்கும் கயிறு, வலையின் மிதப்பு, கவிழ்த்து வைத்த வள்ளம், காயப்போட்ட கருவாடு என்று எழுதுங்கள். புறாத்தீவுக்குப் பெயர் கொடுத்த மாடப்புறா ஒரு நாள், அங்குள்ள பவளம் ஒரு நாள்.

நாள் பிஸியாக இருந்தால் எடுக்கச் சில கருக்களைக் கையிருப்பாக ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இராவணன் வெட்டு. கோணேசர் மலையில் பாறை பிளந்து நிற்கிற அந்த இடத்துக்குக் கறுப்புத் தாளில் மேலிருந்து கீழே ஒரே ஒரு வெட்டு, பின்னால் நீலத் தாள். ஐந்து நிமிடம். வெட்டு நேர்கோடாக வராமல் கொஞ்சம் கோணினால் இன்னும் நல்லது. சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் இன்னொன்று. அங்கே எஞ்சி நிற்பவை 99, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானியர் குண்டு போட்டபோது ஒன்று எரிந்து போனது. மேலிருந்து பார்த்தால் பச்சைக் காட்டுக்குள் வட்டங்கள். இறுக்கச் சுருட்டிய சுருள் வட்டங்களைப் பச்சை அட்டையில் வரிசையாக நட்டால் அதுதான். தொண்ணூற்றொன்பதும் வேண்டாம், பதினொன்று போதும். ஒரு வட்டத்தை மட்டும் சுருளின்றி வெறும் கறுப்புப் பொட்டாக விட்டேன்.

எது கருவுக்குள் வரும், எது வராது என்ற சண்டையும் இந்த வாரத்தில்தான் கிளம்பும். கன்னியாவின் ஏழு கிணறும் கடலா? வெந்நீர்க் கிணறு கடல் இல்லை என்று நான் சொல்ல, மான் மட்டும் வரலாமாம் என்று அவள் கேட்க, வீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. நான் தோற்றேன். ஏழு சதுரம் வெட்டினோம். விதியைக் கொஞ்சம் தளர்த்தியதில் யாருக்கும் நட்டமில்லை.

மூன்று நாள் விட்டுப் போச்சு

விட்ட மூன்றும் இன்றையதுமாக நாலையும் ஒரே இரவில் செய்ய உட்காராதீர்கள். நான் உட்கார்ந்தேன். முதலாவது நன்றாக வந்தது, இரண்டாவது சுமார், மூன்றாவதில் விரலை வெட்டிக்கொண்டேன். விட்ட நாளுக்கு வெற்று அட்டையை அடுக்கில் அப்படியே வைத்துவிட்டு இன்றைய நாளைச் செய்யுங்கள். பிறகு மனம் வந்தால் நிரப்பலாம்.

உண்மையில் விட்டுப் போவது பெரும்பாலும் ஆயத்தத்தில்தான். தாள் தேடி, அளந்து, வெட்டி முடிக்கவே அரை மணி ஓடிவிடும், பிறகு யார் உட்காருவது? ஏ4 அளவுப் பிரிஸ்டல் எட்டுத் தாளில் 32 அட்டை வரும். தொடங்க முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெட்டிப் பிஸ்கட் பெட்டியில் போட்டுவிட்டால், முப்பதுக்கும் காணும், பிழைக்க இரண்டும் மிஞ்சும்.

போனில் எடுத்தால் வெள்ளைத் தாள் சாம்பலாகத் தெரிகிறது

போன் பெரிய வெள்ளைப் பரப்பைக் கண்டால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கும். திரையில் அட்டையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிடுங்கள். ரியூப் லைட்டை அணைத்து, ஜன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். அடுக்கி ஒட்டிய அலையின் நிழல் அப்போதுதான் விழும். நேரே மேலிருந்து வெளிச்சம் போட்டால் இத்தனை அடுக்கு வைத்ததே தெரியாது.

அடுக்கி வைத்த அட்டையை ஏதோ தின்கிறது

கோதுமை மாப் பசை காய்ச்சி ஒட்டியிருப்பீர்கள். மாவுக்கு இராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும், மாரியில் பூஞ்சணமும் சேரும். முன்பு புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கிற மேசையில் வேண்டவே வேண்டாம். முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்க நினைக்கிற அட்டைக்கு வெள்ளைக் கம் போதும்.

சுவரில் ரேப் போட்டு ஒட்டியவை எங்கள் வீட்டில் இரண்டு நாள் தாங்கவில்லை. கடற்காற்றில் சுவர் வியர்த்து எல்லாம் கழன்றது. இப்போது ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு நூல் கட்டி, உடுப்புக்குப் போடுகிற கிளிப்பில் கொழுவியிருக்கிறோம். காலை வெயில் நேரே படுகிற ஜன்னலைத் தவிருங்கள், கிரேப் தாளின் நிறம் சீக்கிரம் வெளிறிவிடும். அந்த முதல் சூரை மீனும் நூலில்தான் தொங்குகிறது. நேராக்கலாம் என்று அரிசிப் பையைத் தூக்கினேன், சின்னவள் விடவில்லை.